கடைசித் தொட்டித் தண்ணீரில் வைத்த ஜீரோ

அருண், ஞாயிற்றுக்கிழமை மாலை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தவறு. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்கிறாள் உன் அம்மா. எனக்கு என்னைத் தெரியும். பேச ஆரம்பித்தால் பாதியிலேயே, “சரிப்பா, உனக்குத் தெரியாததா” என்று முடித்துவிடுவேன். எழுதினால் ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். இன்று புதன்கிழமை காலை. எழுதி முடித்ததும் அம்மாவிடம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். இதை நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் காட்டு. உன்னோடு இதே வேலையைச் செய்கிறவர்களிடமும் காட்டு. யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மறைத்து வைத்தது போதும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் ஒரு தனியார் குடிநீர் நிலையம். அங்கிருந்து கேன் தண்ணீர் விடுதிகளுக்கும் சுற்றியுள்ள குப்பங்களுக்கும் போகிறது. வெளியே போகும் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஒளிக் கருவியை உங்கள் கம்பெனி பராமரிக்கிறது. தண்ணீருக்குள் புற ஊதா ஒளியைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கும் கருவி. மழைக்குப் பிறகு அதில் ரீடிங் ஏறிக்கொண்டே இருக்கிறது. நீ மூன்று தடவை போய்க் கண்ணாடியைத் துடைத்தாய், விளக்கை மாற்றினாய், குமிழி ஏதும் நிற்கிறதா என்று பார்த்தாய். ரீடிங் இறங்கவில்லை. நிலையத்துக்காரர் கருவி கெட்டுவிட்டது என்கிறார். உன் மேனேஜர், ஜீரோ வைத்துவிட்டு, எல்லாம் சரி என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வா, வியாழக்கிழமை ஒப்பந்தம் புதுப்பிக்கிற நாள் என்கிறார். அங்கே மோட்டார் போடுகிற பெண் மட்டும், “தண்ணி ருசி மாறிப் போச்சு சார்” என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள்.

“இன்னாப்பா பண்றது?” என்று கேட்டாய்.

“மேனேஜர் சொல்றபடி செஞ்சுடுப்பா. தை மாசத்துல கல்யாணத்தை வெச்சுக்கிட்டு வம்பு எதுக்கு” என்றேன்.

“சரிப்பா” என்று வைத்துவிட்டாய். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“புள்ளை என்ன கேட்டான்?”

“மெஷின் விஷயம்.”

“மெஷின் விஷயத்துக்கா கல்யாணத்தை இழுத்தீங்க?”

நான் எழுந்து உள்ளே போனேன். நைட்ரேட் ஏறிய தண்ணீர் பெரியவர்களை உடனே ஒன்றும் செய்துவிடாது. பால் பவுடர் கரைத்துக் குடிக்கிற கைக்குழந்தையைச் செய்யும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தப் பதிலைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று உனக்குப் புரியவேண்டுமானால், நீ ஏழாவது படித்த வருடம் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். உன் அம்மாவுக்கே அது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

அப்போது நான் மறைமலைநகர் பக்கம் ஒரு பிளேட்டிங் கம்பெனியில் இருந்தேன். வண்டி உதிரிப் பாகங்களுக்கு குரோமியம் பூசிப் பளபளப்பாக்குகிற இடம். கம்பெனி பஸ் காலையில் நம் தெருமுனைக்கு வரும். நான் பத்து நிமிடம் முன்னாலேயே போய் நிற்பேன். நீ என்னைக் கேலி செய்வாய். கேஸ் அடுப்பை மூடிவிட்டோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவேன் அல்லவா, அதே ஆள்தான் கம்பெனியிலும். வேதியியலில் முதுகலை வாங்கியிருந்தேன். ஆனாலும் ஒரு கூட்டலை மூன்று தடவை போட்டுப் பார்க்காமல் எழுதமாட்டேன். மூன்று தடவையும் ஒரே விடை வந்தால், மூன்று தடவையும் ஒரே தப்பைச் செய்திருப்பேனோ என்று தோன்றும். இந்தக் குணத்தை எல்லோரும் ஜாக்கிரதை என்று பாராட்டினார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பூச்சு வேலை முடிந்த கழிவுத் தண்ணீரில் குரோமியம் மிஞ்சியிருக்கும். அது விஷம். அதைத் தொட்டிகளில் விட்டு, மருந்து கலந்து, விஷத்தை முறித்து, கடைசித் தொட்டியிலிருந்து கால்வாயில் விடுவார்கள். கால்வாய் ஒரு ஊர் ஏரிக்குப் போகிறது. அந்தக் கடைசித் தொட்டியில்தான் என் மானிட்டர். கால் மணிக்கு ஒருமுறை அதுவே கொஞ்சம் தண்ணீரை இழுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் நிரப்பும். அதில் ஒரு ரசாயனத்தைச் சொட்டும். குரோமியம் இருந்தால் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகும். ஒரு பக்கம் பச்சை விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளியை உணரும் கண். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வெளிச்சம் குறையும். அந்தக் குறைவைத்தான் அது எண்ணாக்கிக் காட்டும். அதைச் சுத்தமாக வைத்திருப்பதும், பழுது பார்ப்பதும், தினமும் புத்தகத்தில் எழுதுவதும் என் பொறுப்பு.

தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் ஏகாம்பரம். உனக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையில் விரால் மீன் கொண்டுவந்து, “எங்க ஏரி மீனு அக்கா. புள்ளைக்கி முள்ளு பாத்து குடு” என்று உன் அம்மாவிடம் தந்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளில் போனாரே, அவர்தான். அந்தக் கால்வாய் போய்ச் சேர்கிற ஏரி அவருடைய ஊர் ஏரி. இப்போது அவர் என்று எழுதுகிறேன். அப்போது மனதுக்குள் அவன் என்றுதான் நினைப்பேன். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர், அவ்வளவு படித்தவர் இல்லை, என்னை சார் என்று கூப்பிடுவார், கூடவே நீ என்றும் சொல்வார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

ஒரு ஐப்பசி மாதம், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தபோது, ரீடிங் ஏற ஆரம்பித்தது. நான் வரிசையாக எல்லாவற்றையும் செய்தேன். கண்ணாடிக் குழாயைக் கழற்றி, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, மெல்லிய துணியால் துடைத்து மாட்டினேன். ரசாயனத்தைப் புதிதாகக் கரைத்து ஊற்றினேன். அதை இழுக்கும் ரப்பர் குழாய் தளர்ந்திருக்குமோ என்று மாற்றினேன். மேல் மூடி வழியாக வெயில் உள்ளே போகிறதோ என்று கறுப்புத் துணி போட்டு மூடிப் பார்த்தேன். ரீடிங் அப்படியே இருந்தது. கடைசியாக, அளவு தெரிந்த கரைசலை ஊற்றினேன். எவ்வளவு காட்டவேண்டுமோ சரியாக அவ்வளவு காட்டியது. அங்கேயே விஷயம் முடிந்திருக்க வேண்டும், அருண். கருவி சரி, தண்ணீர் கெட்டிருக்கிறது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்தக் கரைசல் பழசாகிக் கெட்டிருக்கும், கருவியின் தப்பும் கரைசலின் தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டி, தற்செயலாகச் சரியான எண் வருகிறது என்று நினைத்தேன். மறுபடி கண்ணாடியைக் கழற்றினேன்.

ஏகாம்பரம் பின்னால் நின்று பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நாலு தபா தொடச்சிட்ட. இன்னும் தொடச்சா கண்ணாடி தேஞ்சி பூடும்.”

“அழுக்கு இருக்கும்போல ஏகாம்பரம்.”

“அழுக்கு கண்ணாடில இல்ல சார், தண்ணில கீது. மருந்து டேங்க்கு ரெண்டு நாளா எறங்கவே இல்ல. பம்பு ஓடுது, மருந்து போவல. வந்து பாரு.”

“அது மெக்கானிக் டிபார்ட்மெண்ட். நான் அதைத் தொடக்கூடாது.”

“அவங்ககிட்ட சொன்னா, மீட்டர் சாரு எழுதிக் குடுக்கட்டும்ன்றாங்க. நீ ஒரு வரி எழுதிக் குடேன்.”

“கருவி சரியா இருக்கான்னு எனக்கே தெரியாம எப்படி எழுதறது?”

அவர் சிரித்தார். “இன்னா சார் நீ. பொண்டாட்டி உண்மைய சொன்னா நம்பாத ஆளப் பாத்துகீறேன். மெஷினு உண்மைய சொன்னா நம்பாத ஆள இப்பதான் பாக்கறேன்.”

ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் எழுதி, பம்ப் நன்றாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். உற்பத்தியை நிறுத்திப் பார்த்துவிட்டு, தப்பு என் கருவியில்தான் என்று தெரிந்தால் எல்லோர் முன்னாலும் என் நிலை என்ன என்று யோசித்தேன். மூன்றாம் நாள் மாலை மேனேஜர் வந்தார். மறுநாள் தண்ணீரைச் சோதிக்க அதிகாரிகள் வருகிறார்கள், மானிட்டரில் இந்த எண் இருக்கக்கூடாது என்றார். “நீங்க படிச்சவர், ஏதாவது செய்யுங்க” என்றார். தப்பாகச் செய்யச் சொல்லவில்லை. அதை நான் அவர்மேல் போடமாட்டேன்.

படித்தவன் என்பதால் எனக்கு ஒரு வழி தோன்றியது. ஜீரோ வைப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றுமே கலக்காத, காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, இதுதான் ஒன்றுமில்லாத நிலை என்று கருவிக்குச் சொல்லவேண்டும். தராசில் எடை போடுவதற்கு முன் தட்டு காலியாக இருக்கும்போது முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவது போல. அன்று நான் யோசித்தேன்: நம் கழிவுத் தண்ணீரில் உப்புகள் இருக்கின்றன, மழையில் வந்த மண் இருக்கிறது, அவற்றுக்கே ஒரு பின்னணி நிறம் இருக்கும், வடித்த தண்ணீரில் அது இருக்காது, ஆகவே நம் தண்ணீரை வைத்தே ஜீரோ வைத்தால் அந்தப் பின்னணி கழிந்துவிடும். கேட்பதற்கு விஞ்ஞானம் போலவே இருந்தது. பாட நூலில் இருந்து எடுத்தது போல இருந்தது. பயந்துகொண்டு செய்கிற காரியத்துக்கு அவ்வளவு அழகான காரணம் கிடைத்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

“ஏகாம்பரம், கடைசித் தொட்டில ஒரு ஜாடி தண்ணி மொண்டு குடு” என்றேன்.

அவர் மொண்டு கொடுத்தார். லேசான மஞ்சள் தெரிந்தது. மாலை வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஊற்றினேன், ஜீரோவை அழுத்தினேன். இப்போது வருகிற கருவிகள் இதை ஏற்றுக்கொள்ளாமல் கத்தும். எங்களுடையது பழசு, ஏற்றுக்கொண்டது. திரையில் எண் இறங்கி அடங்கியது. சாமானை வைத்துவிட்டு முள்ளைச் சரிசெய்த தராசு ஆனது அது. புத்தகத்தில், “ஜீரோ சரிசெய்யப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்தத் தண்ணீரால் என்று எழுதவில்லை. எப்போதும் எழுதுகிறவன் நான். அன்று மட்டும் எழுதவில்லை.

அதிகாரிகள் மழையால் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்த ஏரி ஊர்க்காரர்கள் கம்பெனி வாசலுக்கு வந்தார்கள். கால்வாய் மஞ்சளாக ஓடுகிறது, ஏரியில் மீன் செத்து மிதக்கிறது, மாடு தண்ணீரில் வாய் வைக்கமாட்டேன் என்கிறது என்றார்கள். அன்றே மருந்துப் பம்பைத் திறந்து பார்த்தார்கள், குழாயில் அடைப்பு. அதை நீக்கினார்கள். நான் யாரும் சொல்லாமலே வடித்த தண்ணீர் ஊற்றி மறுபடி ஜீரோ வைத்தேன். அதையும், “ஜீரோ சரிசெய்யப்பட்டது” என்றே எழுதினேன். பிறகு விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மானிட்டரின் வரைபடத்தை மேசையில் விரித்தார். பத்து நாளும் தண்ணீர் சுத்தம் என்றது அந்தக் கோடு. அதற்கு முந்தைய ஏற்றத்தைக் கருவிக் கோளாறு என்று காட்டியது என் புத்தகம். அப்படியானால் மஞ்சள் தண்ணீர் எப்படிப் போயிருக்கும்? மானிட்டர் இருக்கிற இடத்தைத் தாண்டாமல் கால்வாய்க்கு நேராகத் திறந்துவிடுகிற வால்வு ஒன்று உண்டு. அதன் சாவி ஏகாம்பரத்திடம் இருந்தது.

“மருந்து போகலைன்னு தெரிஞ்சும் சோம்பேறித்தனமா தொறந்து விட்டியா?” என்று கேட்டார்கள்.

“நான் தொறக்கல சார். எங்க ஊரு ஏரி சார் அது. என் மாடும் அங்கதான் தண்ணி குடிக்குது.”

“அப்ப கோடு பொய் சொல்லுதா?”

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். அவர்களும் என் பக்கம் திரும்பினார்கள். “மானிட்டர் சரியா வேலை செஞ்சுதா?” என்று கேட்டார்கள். “செஞ்சுது சார்” என்றேன். அந்தப் பதிலில் பொய் இல்லை. மானிட்டர் சரியாகத்தான் வேலை செய்தது. கடைசித் தொட்டித் தண்ணீரை வைத்து ஜீரோ வைத்தேன் என்கிற அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அவர்கள் அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, “விசாரணைன்னீங்களே, என்ன ஆச்சு?” என்றாள். “முடிஞ்சுது” என்றேன். நீ கணக்கு நோட்டைக் கொண்டுவந்து, ஒரு கணக்குக்கு விடை வரவில்லை என்றாய். உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ ஏன் அழுகிறாய் என்று உனக்கே தெரியாமல் அழுதாய். அதற்கும் இத்தனை வருடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

ஏகாம்பரத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஊர் ஏரியைக் கெடுத்தவன் என்று அவர் ஊரிலேயே பேச்சானது. குடும்பத்தோடு அச்சரப்பாக்கம் பக்கம் போய் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தக் கம்பெனியில் இன்னும் எட்டு வருடம் இருந்தேன், ஓய்வு பெற்றபோது மாலை போட்டு அனுப்பினார்கள். மனதுக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன்: அந்த ஜாடித் தண்ணீரின் அர்த்தம் அவனுக்குப் புரிந்திருக்காது, புரிந்திருந்தால் விசாரணையில் சொல்லியிருப்பான், தன் தலைவிதி என்று நினைத்துக்கொண்டு போயிருப்பான் என்று. இந்தச் சமாதானத்தோடு எழுபத்தொரு வயதுவரை வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பேசியபின் உன் அம்மா விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரையை அப்படியே ஒதுக்கி வைத்தாள். “மீன் கொண்டுவந்தாரே, அவரா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “போய்ப் பார்த்துட்டு வாங்க” என்றாள்.

திங்கட்கிழமை காலை பஸ் ஏறி அச்சரப்பாக்கம் போனேன். ஆலையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் மனைவி கன்னியம்மா வாசலில் சாக்கு விரித்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் பெயர் சொன்னதும் கை நின்றது.

“மீட்டர் சாரா?”

“ஆமாம்மா. ஏகாம்பரம் இல்லையா?”

“போன மழைக்கி பூட்டாரு சார். மார் வலின்னு ஒக்காந்தாரு, அவ்ளோதான்.” நாற்காலியை எடுத்துப் போட்டு, முந்தானையால் துடைத்தார். “ஒக்காரு. இவ்ளோ தூரம் வந்துகீற.”

நான் உட்காரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்தது எதுவும் வரவில்லை. “அன்னைக்குத் தப்பு செஞ்சது அவர் இல்லம்மா. நான்தான். அந்த மெஷின்ல ஜீரோவை...” என்று தொடங்கினேன்.

“தெரியும் சார்” என்றார்.

“என்ன தெரியும்?”

“கெட்ட தண்ணியவே மெஷினுக்கு ஊத்தி, இதான் நல்ல தண்ணின்னு சொல்லிக் குடுத்துட்ட. அவரு கையாலதான மொண்டு குடுத்தாரு. அன்னிக்கி ராவே வந்து சொல்லிச் சிரிச்சாரு, சாரு இன்னா இப்டி பண்ணிட்டாருன்னு. மறுநாளு மெக்கானிக்குங்ககிட்ட போனா, மீட்டருதான் சரியா காட்டுதேன்னு தொரத்திட்டாங்களாம்.”

“தெரிஞ்சுமா விசாரணைல சொல்லல?”

“நானும் அதான் கேட்டேன். நான் சொன்னா சாரு மாட்டிக்குவாரு கன்னிமா, அவரே சொல்லட்டும்னாரு. படிச்சவரு, கொஞ்சம் பயந்த ஆளு, டைம் எடுத்துக்குவாரு, ஆனா சொல்லிடுவாருன்னாரு. மொத வாரம் சொன்னாரு. ஊரு உட்டு வந்தப்புறம் கூட சொல்லிகினுதான் இருந்தாரு. பெரியவ கல்யாணத்துக்கு ஊர்க்காரன் ஒர்த்தனும் வர்ல பாரு, அதுக்கப்புறம் சொல்றத உட்டுட்டாரு.”

என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த அம்மாள் கடலைத் தோலை ஊதித் தள்ளினார்.

“என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது சார்? எனக்குத் தெரிஞ்சதுதான. ஊர்ல போயி சொல்லு.”

நேற்று செவ்வாய்க்கிழமை ஏகாம்பரத்தின் சொந்த ஊருக்குப் போனோம். கன்னியம்மாவும் வந்தார். ஏரிக்கரைக்கு எதிரே ஒரு டீக்கடை. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்று, பெயர் சொல்லி, செய்ததைச் சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். ஆனால் எதையும் விடாமல், எந்தத் தண்ணீரால் என்பது உட்பட, எல்லாம் சொன்னேன். இளைஞர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே தெரியவில்லை. ஒருவன், “யாருப்பா ஏகாம்பரம்?” என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். வயதான ஒருவர் மட்டும் கிளாஸைக் கீழே வைத்தார்.

“அவன் செத்ததுக்கு நாங்க போவல” என்றார். “நான் அவன் பங்காளி. நான் கூட போவல. ஏரிய கெடுத்தவன் மொகத்துல இன்னாத்துக்கு முழிக்கறதுன்னு இங்கியே ஒக்காந்துகினு இருந்தேன்.” என் பக்கம் திரும்பினார். “ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தாகூட போயிருப்பேனே சார்.”

அவர் எழுந்து கன்னியம்மாவிடம் போய் நின்றார். நான் சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். பேசிவிட்டதால் மனம் லேசாகிவிட்டது என்று உனக்கு எழுதினால் அது பொய். லேசாகவில்லை. இனி ஆகவும் ஆகாது. ஏகாம்பரம் சந்தேகப்படாமல் நம்பிய ஒரே விஷயம், நான் பேசுவேன் என்பது. அது அவர் இருக்கும்வரை நடக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததை இப்போது சொல்கிறேன். உன்னைச் சந்தேகப்படு, அது தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு முடிவு வேண்டும். கண்ணாடியை ஒருமுறை ஒழுங்காகத் துடை. விளக்கு சூடாகி நிலைப்பதற்கு நேரம் கொடு. வடித்த தண்ணீரில் ஜீரோ சரியாக வருகிறதா, அளவு தெரிந்த கரைசல் சரியாகக் காட்டுகிறதா என்று பார். இரண்டும் சரி என்றால் கருவியை மூடிவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசு. திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. வேலை செய்வது போலவும் இருக்கும், யாரிடமும் எதுவும் சொல்லவும் வேண்டாம். நான் அந்தச் சுகத்தில்தான் இருந்தேன். அதை ஜாக்கிரதை என்று உனக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. மூன்று தடவை போனேன் என்று நீ சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாளை அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடாதே. வேலை போகலாம். போகாது என்று நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. போனால் வீட்டுக்கு வா. மதுராந்தகத்தில் பெண் வீட்டாரிடம் என்ன சொல்வது என்று நீ குழம்பவேண்டாம், நானே போய்ச் சொல்கிறேன். இரண்டு நாளில் இரண்டு ஊரில் பேசியிருக்கிறேன், மூன்றாவது ஊரிலும் பேசுவேன். அவர்கள் வேண்டாம் என்றால், அந்தக் குற்றமும் என்னுடையதுதான். என் சொல்லைக் கேட்டு இதற்குள் நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் இன்றே போய் அதைத் திரும்ப வாங்கு.

காலையில் அந்த நிலையத்துக்குப் போனதும் முதலில் மோட்டார் போடுகிற அந்தப் பெண்ணைப் பார். அவள் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. நீ கேட்டு வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். தண்ணீர் ருசி மாறிவிட்டது என்று உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். நாளைக்குக் குப்பத்தில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால், அவர்கள் கருவி வரைந்த கோட்டைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள். அவள் உன்னைப் பார்ப்பாள். ஆகவே இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடி. மூடியைச் சுற்றி ஒட்டி, எங்கே, எப்போது, எந்தக் குழாயில் பிடித்தது என்று எதையும் விடாமல் எழுது. ஒன்றை வேறு பரிசோதனைக் கூடத்துக்கு நீயே எடுத்துக்கொண்டு போ, மற்றதைப் பத்திரமாக வைத்துக்கொள். பாட்டில்மேல் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். அவள் முதலில் போடட்டும் என்று காத்திருக்காதே. நீ முதலில் போடு.

அப்பா